விடை கூறும் பதிலியும் வினை காணும் பதிலியும்

பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே வாங்குகின்றோம். விதைநெல்லை நீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கிய பின்னரே விதைக்கின்றோம். புதிதாகக் கட்டிய குளக்கட்டை முதல் மாரி கடக்கும்வரை எவரும் முழுமையாக நம்புவதில்லை. பொருளை ஆராயும் முறை இவ்வாறாக, ஆளை ஆராய்தற்குத் திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். முன்னது ஒருவனை ஆராய்ந்து நம்புதலைக் கூறுவது; பின்னது அவனவன் இயல்பறிந்து அவனுக்குரிய வினையில் அவனை ஏவுதலைக் கூறுவது. இவ்விரண்டும் இன்று ஆளுக்கு மட்டுமன்றிக் கணினிக்கு எழுதப்படும் செய்நிரல்களுக்கும் வேண்டப்படுகின்றன. செய்நிரலை நம்புமுன் சோதித்தல் வேண்டும். சோதனையிற் துணைநிற்கும் பதிலிகளையும் இயல்பறிந்து உரிய இடத்தில் நிறுத்துதல் வேண்டும். அத்தகைய பதிலிகளுள் ‘ஸ்டப்’ எனவும் ‘மொக்’ எனவும் வழங்கும் இரண்டினிடையே உள்ள வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள் என்பது பல சிறு கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து தொழிற்படும் ஓர் அமைப்பு. முழு அமைப்பையும் ஒருங்கே இயக்கிப் பார்த்தல் ஒருவகைச் சோதனை. அவ்வாறன்றி, ஒரு கூற்றைத் தனியே பிரித்தெடுத்து, இன்ன உள்ளீட்டுக்கு இன்ன பயனை அது தருகின்றதா என ஆராய்தல் பிறிதொருவகைச் சோதனை. இதனை ‘அலகுச் சோதனை’ என்பர். இச்சோதனையையும் ஒரு சிறு செய்நிரலாகவே எழுதிவைப்பதாற் கணினியே அதனை நாள்தோறும் நூறுமுறை வேண்டினும் நடத்திக்கொள்ளும். கென்ற் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997ஆம் ஆண்டில் ஜாவா மொழிக்கென ‘ஜேயூனிற்’ என்னும் கருவியை உருவாக்கிய பின்னர் இம்முறை உலகெங்கும் பரவிற்று. சோதனை ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் உள. முதலாவது ஆயத்தம், இரண்டாவது சோதிக்கப்படும் கூற்றை இயக்குதல், மூன்றாவது விளைந்ததை மதிப்பிடுதல். இம்மூன்றாம் படியிலேயே நமது பொருளின் முடிச்சு அமைந்துள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கருத்தை விளங்கிக்கொள்ள மல்லாவிக்கு அண்மையிலுள்ள வவுனிக்குளத்தை எடுத்துக்கொள்வோம். பாலியாற்றை மறித்து அமைந்த இப்பண்டைக் குளம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீளக் கட்டப்பெற்று, இப்பகுதியின் வயல்களுக்கு நீர் வழங்கி வருவதை யாவரும் அறிவர். மாரிகாலத்திற் குளம் நிறைந்து வான் பாயுமுன், கீழ்ப்புறத்தே வாழும் மக்களுக்குக் குறுஞ்செய்தி மூலம் எச்சரிக்கை விடுக்கும் செய்நிரல் ஒன்றினை மாணவர் சிலர் எழுதுவதாகக் கற்பனை செய்வோம். அது நீர்மட்டமானியிடம் குளத்தின் மட்டத்தைக் கேட்கும். மழைமானியிடம் கடந்த ஒருநாள் மழையைக் கேட்கும். மட்டம் 20 அடியையும் மழை 100 மில்லிமீற்றரையும் எட்டினால் ‘அபாயம்’ எனத் தீர்மானிக்கும். அல்லாவிடில் ‘அமைதி’ எனத் தீர்மானிக்கும். அபாயமாயின் ஊர்தோறும் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்பும். இவ்வளவுகள் விளக்கத்தின் பொருட்டு நாமே கற்பித்துக்கொண்டவை. குளத்தின் உண்மை அளவுகள் அல்ல.

இச்செய்நிரலின் தீர்மானிக்கும் கூற்றை எவ்வாறு சோதிப்பது? உண்மையான நீர்மட்டமானியோடு இணைத்துச் சோதிப்பதாயின், குளம் நிறையும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆவணி வெயிலில் எழுதிய நிரலை மார்கழி வெள்ளத்திற்றான் சோதிக்கலாம் என்றால், சோதனையும் ஆபத்தும் ஒரே நாளில் வந்துசேரும். உண்மையான செய்தியனுப்பியோடு இணைத்துச் சோதிப்பதோ இதனினும் தீது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாட் காலையில், அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்திலே, அவசரகாலப் பயிற்சி ஒன்று நடந்த வேளையில், ஏவுகணை வருகின்றதென்ற உண்மையான எச்சரிக்கை மக்களின் கைப்பேசிகளுக்குச் சென்றுவிட்டது. அது தவறென்ற மறுசெய்தி சென்றடைய 38 நிமிடங்கள் கழிந்தன. அதுவரை மக்கள் உற்ற அச்சம் சொல்லுந்தரமன்று. பொய்யெச்சரிக்கையால் ஒருமுறை அலைந்தவர், மறுமுறை வரும் மெய்யெச்சரிக்கையையும் பொருட்படுத்தாது விடக்கூடும்.

ஆகவே சோதனைவேளையில் உண்மையான துணைக்கூறுகளை அகற்றி, அவற்றின் இடத்திற் பதிலிகளை நிறுத்துகின்றனர். திரைப்படத்தில் உயரத்திலிருந்து குதிக்குங் காட்சியில் நாயகனுக்குப் பதிலாகத் தோன்றுபவரை ‘டூப்’ என்கின்றோமன்றோ? அதே உவமையைக் கொண்டே ஜெராட் மெஸாரோஸ் என்பார், 2007இல் வெளியான தமது நூலில், இப்பதிலிகள் அனைத்துக்கும் ‘சோதனை டூப்’ என்னும் பொருள்படப் பொதுப்பெயர் சூட்டினார். பொதுப்பெயர் ஒன்றாயினும் பதிலிகளின் இயல்பு ஒன்றன்று. அவர் ஐந்து வகைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் அடிக்கடி மயக்கந் தருவன ஸ்டப், மொக் ஆகிய இரண்டுமே.

ஸ்டப் என்பது கேட்ட கேள்விக்கு முன்னரே எழுதிவைத்த விடையைக் கூறும் பதிலி. நமது சோதனையில், நீர்மட்டமானியின் இடத்தில் ஒரு ஸ்டப்பை நிறுத்தி, “எவர் கேட்பினும் 21 அடி என்று கூறு” எனப் பணிக்கின்றோம். மழைமானியின் இடத்தில் நிற்கும் ஸ்டப்பை “120 மில்லிமீற்றர் என்று கூறு” எனப் பணிக்கின்றோம். பின்னர்த் தீர்மானிக்கும் கூற்றை இயக்கி, அதன் முடிவு ‘அபாயம்’ என வருகின்றதா என நோக்குகின்றோம். அடுத்த சோதனையில் மழையைச் சுழியமாக்கி, முடிவு ‘அமைதி’ என வருகின்றதா என நோக்குகின்றோம். மூன்றாவதில், மானி பழுதடைந்து விடையொன்றுந் தராதது போல ஸ்டப்பை நடிக்கச் செய்து, நிரல் ‘அமைதி’ என்று பொய் கூறாது ‘அறிய இயலவில்லை’ என்று உண்மை கூறுகின்றதா என நோக்குகின்றோம். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதையும் நினைத்த கணத்தில் நிகழ்விக்க வல்லது ஸ்டப். எனினும் மதிப்பீடு நடைபெறுவது ஸ்டப்பின்மீது அன்று. சோதிக்கப்பட்ட கூற்றின் முடிவின்மீதே. ஸ்டப் எத்தனைமுறை வினவப்பட்டது, எவ்வொழுங்கில் வினவப்பட்டது என்பன பற்றி நமக்குக் கவலையில்லை.

மொக் இதனின் வேறானது. அதனிடம் நாம் முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பை ஒப்படைக்கின்றோம். செய்தியனுப்பியின் இடத்தில் மொக் ஒன்றினை நிறுத்தி, “இன்ன ஊர்ப் பொறுப்பாளருக்கு, இன்ன செய்தியை, ஒரேயொருமுறை அனுப்புமாறு உனக்குக் கட்டளை வரும், வராவிடினும், இருமுறை வரினும், வேற்றூர்ப் பெயரோடு வரினும் சோதனை தோற்றதென அறிவி” எனப் பணிக்கின்றோம். நிரலை இயக்கிய பின்னர், எதிர்பார்த்தது எதிர்பார்த்தவாறே நிகழ்ந்ததா என மொக்கையே வினவுகின்றோம். ஈண்டு மதிப்பிடப்படுவது நிரல் திருப்பித் தந்த முடிவன்று. நிரல் பிறிதொன்றினிடத்து நடந்துகொண்ட விதமே. குறுஞ்செய்தி அனுப்புதல் போன்ற செயல்கள் நிரலின் உள்ளே எவ்வித அடையாளத்தையும் விட்டுச்செல்லாமற் போகக்கூடும். அத்தகைய செயலை நிறுவுதற்கு அதனைப் பெற்றவனின் சாட்சியமே வேண்டும். அச்சாட்சியாக நிற்பது மொக்.

முல்லைத்தீவின் கோவலன் கூத்தை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். கோவலனாக ஆடுபவரை மட்டும் பயிற்றும் ஒத்திகை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கண்ணகியாக ஆடுபவரும் பொற்கொல்லனாக ஆடுபவரும் அன்று வரவில்லை. அண்ணாவியார் கண்ணகியின் இடத்தில் ஓர் இளைஞனை நிறுத்தி, கொப்பியிலுள்ள வரியைப் படித்துச் சிலம்பைக் கையிற் கொடுக்குமாறு கூறுகின்றார். அவன் பாடுவது செம்மையாயிற்றா என்று எவரும் பார்ப்பதில்லை. கோவலன் தன் ஆட்டத்தைத் தொடர்வதற்கு வேண்டியதை அவன் கொடுத்தால் அமையும். அவன் ஸ்டப். பொற்கொல்லனின் இடத்திலும் ஓர் இளைஞனை நிறுத்துகின்றார். அவனிடம், “கோவலன் தன் பாட்டை முடித்த பின்னரே சிலம்பை உன்னிடம் நீட்டவேண்டும், ஒற்றைச் சிலம்பையே நீட்டவேண்டும், பிழைத்தால் உடனே எனக்குச் சொல்” என்கின்றார். அவன் மொக். இருவரும் வராதோரின் இடத்தை நிரப்பியவர்களே. ஆயினும் ஒருவன் கொடுத்தற்கு நின்றான். மற்றவன் பெற்றுக்கொண்டு சாட்சி சொல்லுதற்கு நின்றான்.

இவ்வளவு தெளிவான வேறுபாடு நடைமுறையில் ஏன் மயங்கியது? காரணம் பெயர்வழக்கே. துணைக்கூறுகளுக்குப் பதிலாக ஏதோ ஒன்றை வைத்துச் சோதிக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டீனியாத் தீவிலுள்ள காலியாரி நகரில் நடைபெற்ற மாநாட்டில், ரிம் மக்கினன், ஸ்ரீவ் பிறீமன், பிலிப் கிறெய்க் ஆகிய மூவர் மொக் என்னும் கருத்தைக் கட்டுரையாகப் படைத்தனர். அதன்பின் அப்பெயர் பரவப் பரவ, எல்லாப் பதிலிகளையும் மொக் என்றே அழைப்பாராயினர். இக்குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு மாட்டின் பௌலர் என்பார் 2004இல் ஒரு கட்டுரை எழுதி, 2007இல் அதனைத் திருத்தி விரித்தார். ‘மொக்குகள் ஸ்டப்புகள் அல்ல’ என்பதே அதன் தலைப்பின் பொருள். நிலையை நோக்கி மதிப்பிடுதல் ஒருமுறை என்றும், நடத்தையை நோக்கி மதிப்பிடுதல் மறுமுறை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். ஆயினும் மயக்கம் முற்றாக நீங்கிற்றில்லை. நம் மாணவர் உயர்தர வகுப்பிற் பயிலும் பைதன் மொழியையே காண்க. 2012இல் வெளிவந்த அதன் 3.3ஆம் பதிப்பில், ‘மொக்’ எனப் பெயரிய கருவி நிலையான நூலகத்திற் சேர்க்கப்பட்டது. அக்கருவி தந்த ஒரே பொருளை விடை கூறவும் ஏவலாம்; வினைக்குச் சாட்சியாகவும் நிறுத்தலாம். ஜாவாவின் ‘மொக்கிட்டோ’வும் அத்தகையதே. எனவே கருவியின் பெயர் நமக்கு வழிகாட்டாது. மூன்றாம் படியாகிய மதிப்பீட்டில் நாம் எதனை வினவுகின்றோம் என்பதே பதிலியின் இனத்தைத் தீர்மானிக்கின்றது.

எங்கே எதனை நிறுத்துவது? இதற்கு எளிய விதியொன்று உண்டு. ஸ்ரீவ் பிறீமனும் நற் பிறைசும் 2009இல் வெளியிட்ட தம் நூலிலும் இக்கருத்தினை வலியுறுத்தினர். ஒரு கூறு மற்றொரு கூற்றோடு உரையாடும் முறைகள் இரண்டு: கேள்வியும் கட்டளையும். “மட்டம் எவ்வளவு?” என்பது கேள்வி. அதனைப் பத்துமுறை கேட்பினும் குளத்தில் ஒரு துளியும் குறையாது. “செய்தியை அனுப்பு” என்பது கட்டளை. அதனை இருமுறை இட்டால் உலகில் இரண்டு விளைவுகள் உண்டாகும். கேள்விக்கு விடைகூறும் துணையின் இடத்தில் ஸ்டப்பையும், கட்டளையை ஏற்கும் துணையின் இடத்தில் மொக்கையும் நிறுத்துக என்பதே அவ்விதி.

இவ்விதி பிறழ்ந்தால் விளையுங் கேடு இருவகைப்படும். செய்தியனுப்பியின் இடத்தில் எதற்கும் “பெற்றுக்கொண்டேன்” என்று தலையாட்டும் ஸ்டப்பை நிறுத்தினோம் எனக் கொள்வோம். நாளடைவில் யாரோ ஒருவர் நிரலைத் திருத்துங்கால், செய்தி அனுப்பும் வரி தவறுதலாக நீங்கிவிடுகின்றது. தீர்மானம் ‘அபாயம்’ எனச் சரியாகவே வரும். சோதனை வெற்றி எனவே காட்டும். ஆயின் ஊருக்கு ஒரு சொல்லும் போகாது. வெள்ளம் வரும் இரவில் நிரலுக்கு மட்டும் அபாயந் தெரியும், மக்களுக்குத் தெரியாது. சாட்சி வேண்டிய இடத்திற் சாட்சி இல்லாமையால் வரும் கேடு இது.

மற்றைய கேடு இதற்கு மறுதலை. நீர்மட்டமானியின் இடத்தில் மொக்கை நிறுத்தி, “உன்னை ஒரேயொருமுறை வினவவேண்டும்” என்று எதிர்பார்ப்பு வைத்தோம் எனக் கொள்வோம். பின்னர் அறிவுடைய மாணவி ஒருத்தி, மானி சிற்சில வேளை பிழையான அளவைக் காட்டுதலை நோக்கி, மூன்றுமுறை வினவி நடுவளவைக் கொள்ளுமாறு நிரலைச் செம்மைப்படுத்துகின்றாள். நிரல் முன்னையிலும் நன்றாயிற்று. சோதனையோ தோற்றதென அறிவிக்கின்றது. ஒரு செயல் எவ்வழியால் நிகழ வேண்டும் என்பதையெல்லாஞ் சோதனையிற் பூட்டிவைத்தால், நல்ல மாற்றமும் குற்றமாகக் காட்டப்படும். இவ்வாறு பலமுறை நிகழுமாயின், எழுதுவோர் நிரலைச் செம்மை செய்ய அஞ்சுவர். அன்றேல் சோதனையின் கூக்குரலைச் செவிமடாது விடுவர். பின்னது முன்னதினும் கொடிது.

இதுபற்றி அறிஞரிடையே இரு நெறிகள் உண்டு. தொன்னெறியினர், இயலுமிடமெல்லாம் உண்மையான துணைக்கூறுகளையே வைத்துச் சோதித்து, தவிர்க்க முடியாத இடத்து மட்டுமே பதிலியை நாடுவர். இலண்டன் நெறியினர் எனப்படுவோர், ஒவ்வொரு துணைக்கும் மொக்கை நிறுத்தி, எக்கூறு எக்கூற்றுக்கு என்ன கட்டளை இடவேண்டும் என்பதைச் சோதனை எழுதும்போதே வகுத்துக்கொள்வர். முன்னவர் சோதனை நிரலின் உள்ளமைப்பு மாறினும் எளிதில் உடையாது. ஆயின் ஒரு துணை பிழைத்தாற் பல சோதனைகள் ஒருங்கே தோற்றுப் பிழையின் இருப்பிடத்தை மறைக்கும். பின்னவர் சோதனை பிழையின் இருப்பிடத்தை உடனே காட்டும். ஆயின் உள்ளமைப்பை மாற்றினால் உடையும். உலகோடு தொடர்புகொள்ளும் எல்லையில், மீட்கமுடியாத கட்டளைகளுக்கு மொக்கும், உள்ளே தூய கணிப்புகளுக்கு உண்மைக்கூறுகளும் என அமைத்துக்கொள்ளுதல் தொடக்க மாணவர்க்கு ஏற்ற நடுவழி எனலாம்.

மெஸாரோஸ் கூறிய ஏனைய மூன்றையும் சுருங்கக் கூறுவாம். ‘டம்மி’ என்பது இடத்தை நிரப்புதற்கு மட்டும் நின்று, வேலையொன்றும் செய்யாதது. ‘பேக்’ என்பது உண்மையாகவே தொழிற்படும் எளிய மாற்றுரு. பெருந்தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் வைக்கும் சிறு பட்டியல் இதற்கு எடுத்துக்காட்டு. ‘ஸ்பை’ என்பது ஒற்றன். அது நிகழ்வனவற்றை அமைதியாகக் குறித்துக்கொள்ளும். எதிர்பார்ப்பை முன்னரே அதனிடம் கூறவேண்டியதில்லை. நிகழ்ந்த பின்னர் அக்குறிப்பை வாங்கி நாமே தீர்ப்புச் செய்யலாம். மொக்கோ எதிர்பார்ப்பை முன்னரே அறிந்து, தீர்ப்பையும் தானே கூறவல்லது. இரண்டும் வினை காணும் பதிலிகளே.

இதுவரை பதிலியை எங்கே நிறுத்துவது என்று கூறினோம். அதனினும் பெரியதொரு வினா உண்டு: பதிலி உண்மையை ஒத்திருக்கின்றதா? ஒவ்வொரு பதிலியும் நம் நம்பிக்கை ஒன்றின் உருவம். மானி இவ்வாறு விடை கூறும் என நாம் நம்புகின்றோம். அந்நம்பிக்கையையே ஸ்டப்பில் எழுதுகின்றோம். நம்பிக்கை பிழையாயின், ஆயிரஞ் சோதனைகள் வென்றாலும் பயனில்லை. நமது ஸ்டப் ‘20’ என்று அடியிற் கூற, உண்மையான மானி அதே மட்டத்தை ‘6.1’ என்று மீற்றரிற் கூறுமாயின், குளம் வான் பாயும் வேளையிலும் நிரல் ‘அமைதி’ என்றே இருக்கும். இது வெறுங் கற்பனையன்று. 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள், செவ்வாய்க்கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு மென்பொருள் விசைசார்ந்த கணிப்பை இறாத்தல் அலகில் தர, மற்றொன்று அதனை நியூட்டன் அலகில் இருப்பதாகக் கொண்டமையே காரணம்.

பதிலியால் வந்த கேட்டுக்கு இன்னும் நேரான சான்று ஏரியன் 5 ஆகும். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாக எழுந்த இவ்வைரோப்பிய ரொக்கெட், ஏறத்தாழ 40 செக்கனுள் நெறிதவறிச் சிதறியது. அது சுமந்துசென்ற நான்கு ஆய்வுச் செய்மதிகளும் உடன் அழிந்தன. ரொக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் அளந்து கூறும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதில் ஓர் எண் 32,767இனை விஞ்சாது எனக் கொள்ளப்பட்டிருந்தது. புதிய ரொக்கெட்டின் கிடைவேகம் விரைந்து வளர்ந்தமையால் அவ்வெண் எல்லை கடந்தது, கருவி செயலிழந்தது. கணித அறிஞர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக்குழு, முழு அமைப்பையும் சோதித்தபோது அக்கருவியையே இணைக்காது, அது தரக்கூடிய விடைகளைப் போலிசெய்து வைத்தே சோதித்தனர் என்பதைக் கண்டது. கருவியை இணைத்துச் சோதித்திருப்பின் பிழையைக் கண்டுபிடித்திருக்கலாம் எனவும் குழு கூறிற்று. நம் சொல்லிற் கூறுவதாயின், கருவியின் இடத்தில் ஸ்டப் நின்றது. அந்த ஸ்டப் ஒருபோதும் செயலிழக்கவில்லை; செயலிழந்தது உண்மைக்கருவியே.

இதனாற் பதிலியே தீதென்று கொள்ளலாகாது. நன்கு ஆராய்ந்து அமைத்த பதிலி பெரும்பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனோர்தொசைற்றுப் பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிற் காணப்படுகின்றது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அப்பாறையைப் பொடித்து, நிலவு மண்ணுக்குப் பதிலியாக்கி, சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதிக்கப் பயன்படுத்தினர். மண்ணின் தன்மைக்கு அது தகுந்த பதிலி. நிலவின் ஈர்ப்பு புவியீர்ப்பின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு என்பதை அம்மண் கற்பிக்காது. அதனை வேறு வழியாற் சோதிக்கவேண்டும். 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் சந்திரயான் 2இன் தரையிறங்கி நிலவில் மோதி அழிந்தது. மண்ணைத் தொடுமுன்னரே இறங்குமுறை பிழைத்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான் 3 வெற்றியோடு இறங்கியது. ஒரு பதிலி எதற்குப் பதிலி, எதற்குப் பதிலி அன்று என்பதை வரையறுத்து அறிதலே அறிவு.

பதிலியின் மெய்ம்மையை உறுதிசெய்ய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, பதிலி நிறைவேற்றும் அதே வினாக்களை உண்மைக்கூற்றிடமும் இடையிடையே வினவி, இரண்டின் விடையும் ஒத்துள்ளனவா என ஒப்புநோக்குதல். மற்றொன்று, அலகுச் சோதனைகள் பலவற்றின்மேல், உண்மைக்கூறுகளை எல்லாம் இணைத்து நடத்தும் முழுமைச் சோதனைகள் சிலவற்றையும் வைத்துக்கொள்ளல். மொக் சாட்சி கூறுவது, “அனுப்பு என்ற கட்டளை எனக்கு வந்தது” என்பது மட்டுமே. ஊரிலுள்ள கைப்பேசி ஒலித்ததா என்பது அதற்குத் தெரியாது. அதனை ஒரு கைப்பேசியை மேசைமீது வைத்தே அறிதல் கூடும். ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்து கொள்ளுமாறு வள்ளுவர் அறிவுறுத்தியது இங்கும் பொருந்தும்.

வன்னி மக்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பிற்பகுதியிற் பெய்த பெருமழையில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்கள் பல வெள்ளத்துள் ஆழ்ந்ததையும், ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு அகன்றதையும் நாம் மறந்திலோம். குளங்களின் நாடாகிய இங்கே, எச்சரிக்கை ஒரு மணிநேரம் முந்தி வருவதும் பிந்தி வருவதும் உயிருக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாடு. 2021ஆம் ஆண்டில் வவுனியா வளாகம் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இயங்குகின்றது. இனிவரும் மென்பொருள்களை எழுதுவோர் நம் வகுப்பறைகளிலிருந்தே செல்வர். அவர்கள் சோதனை எழுத அமருந்தோறும், திரையிற் பச்சைக்குறி தோன்றுதலையே பயனெனக் கொள்ளாது, ஒவ்வொரு பதிலியையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புவாராக: இது விடை கூற நின்றதா, வினை காண நின்றதா? நின்ற இடம் இதன் இயல்புக்கு ஏற்றதா? உண்மையை இது ஒத்துள்ளதா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னரே, அச்சோதனையை வென்ற நிரலிடம் ஓர் ஊரின் இரவை ஒப்படைத்தல் தகும்.